ராத்திரியில் ஆப்பில் இன்சுலின் வாங்கி 1,460 ரூபாய் போச்சு – பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் இருப்பவர்கள் படியுங்கள்

நேற்று ராத்திரி 1,460 ரூபாயைக் கண்ணைத் திறந்துகொண்டே தொலைத்தேன். கல்யாண வீட்டில் பாயசம் வரைக்கும் சாப்பிட்டுவிட்டு அப்பா வீடு வந்தபோது மணி பத்து. சர்க்கரை 386. ஃப்ரிட்ஜைத் திறந்த வேகத்தில் இன்சுலின் பாட்டில் தரையில் விழுந்து உடைந்தது.

கொழிஞ்சாம்பாறையில் ஒரே ஒரு மருந்துக்கடை பாதி ஷட்டரோடு இருந்தது. "பார்மசிஸ்ட் வீட்டுக்குப் போயிட்டாருங்கண்ணா, நான் எடுத்துத் தரக் கூடாது" என்றான் உள்ளே இருந்த பையன். வாயில் வந்தபடி திட்டிவிட்டு வந்தேன். டாக்டர் சீட்டு மருந்தைப் பார்மசிஸ்ட் இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று 1945-லிருந்தே விதி இருக்கிறது. தப்பு அவன் மேல் இல்லை.

அப்புறம்தான் அந்த ஆப். '24 மணி நேரமும் மருந்து வீட்டுக்கே' வகை. சீட்டு கேட்கவில்லை. அப்போதே உறைத்திருக்க வேண்டும், எனக்கோ நிம்மதியாக இருந்தது. பாட்டில் 540 வீதம் இரண்டு, ராத்திரிக் கட்டணம் 380. முன்பணமாக முழு 1,460-ஐயும் கட்டினேன். டெலிவரி பையன் போன் செய்து, "வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டிட்டேனுங்க, கவலைப்படாதீங்க, அப்பாவ உக்கார வையுங்க" என்றான். அந்த 'அப்பாவ' என்ற ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன்.

வந்து சேர்ந்தது 1.10-க்கு. சாதா பிளாஸ்டிக் பை, ஐஸ் பேக் கிடையாது, பில் கிடையாது. பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். இது கையில் வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளங்கையில் வைத்து உருட்டினால் பால் மாதிரிக் கலக்க வேண்டியது, வெள்ளைத் துகள்களாகக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது. விலை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினேன். அடியில் அச்சான விலை 540-இல் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

போடவில்லை. அப்பாவை வண்டியில் ஏற்றிச் சித்தூர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸ் சேச்சி ஒரு வார்த்தை பேசாமல் ஊசி போட்டார். காசு வாங்கவில்லை. முதலிலேயே அங்கே போயிருந்தால்!

காலையிலிருந்து ஆப்காரர்களோடு மல்லுக்கட்டு. முதலில் மலையாளத்தில் ஒரு பெண், "மருந்துக்கு ரிட்டர்ன் இல்லை, சட்டம்." பில் கொடுக்காதவர்கள் எனக்குச் சட்டம் சொல்கிறார்கள்! அடுத்து இந்தியில் ஒருவன். மூன்றாவது ஆள் சொன்னதுதான் உச்சம்: "கடை தமிழ்நாட்டில், நீங்கள் கேரளாவில், எங்கே புகார் செய்வீர்கள்?" பணம் எடுக்கும்போது எல்லை தெரியவில்லை, 1,460-ஐத் திருப்பிக் கேட்டால் செக்போஸ்ட் வந்துவிடுகிறது.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், அப்பாவுக்கு மறுபடி சர்க்கரை பார்க்கணும். அவசரத்துக்கு இது மட்டும்: சீட்டு கேட்காதவனிடம் வாங்காதீர்கள். பொருளைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். பில்லில் லைசன்ஸ் எண், பேட்ச் எண் இருக்கிறதா பாருங்கள். அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் அடியுங்கள், நானும் அடித்திருக்கிறேன். பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள், அதுதான் சாட்சி. எங்கள் வீட்டில் ஒன்றை அப்பா காலையில் கோபத்தில் கொல்லைப்பக்கம் வீசிவிட்டார், தேடிக்கொண்டிருக்கிறேன்.