புதுப்பேட்டையில் மாருதி 800 டோர் லாக் வேலை: லாக் செட் மாற்றாமலே சரியானது

அப்பாவின் 98 மாடல் மாருதி 800-ல் டிரைவர் பக்க டோர் லாக் ஆறு மாதமாக வேலை செய்யவில்லை. சாவி போகிறது, திரும்புகிறது, ஆனால் பிடிப்பே இல்லாமல் சும்மா ஆடுகிறது, லாக் மட்டும் விழவில்லை. உள்ளே இருந்து கையால் போட்டால் விழும். அதனால் அப்பா வண்டியை நிறுத்தியதும் தன் பக்கக் கதவை உள்ளிருந்தே பூட்டிவிட்டு, கியரைத் தாண்டி நகர்ந்து இடது பக்கமாக இறங்கி, அந்தக் கதவைச் சாவியால் பூட்டிக்கொண்டிருந்தார். எழுபது வயதில், முழங்கால் வலியோடு. கேட்டால் "பழகிடுச்சுப்பா" என்பார். எனக்குத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை.

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சர்வீஸ் சென்டரில் காட்டினேன். சாவியை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, லாக் செட் மொத்தமும் மாற்ற வேண்டும், 3,800 ரூபாய் ஆகும் என்றார்கள். இக்னிஷனுக்கும் கதவுகளுக்கும் ஒரே சாவி, ஒரு கதவுக்கு மட்டும் புது சிலிண்டர் (சாவி நுழைந்து திரும்பும் பகுதி) போட்டால் இரண்டு சாவி தூக்கிக்கொண்டு அலைய வேண்டும், அதனால் மொத்த செட்டாம். இரண்டு சாவி விஷயம் சரிதான். ஆனால் கதவைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் சிலிண்டர்தான் போய்விட்டது என்று எப்படிச் சொன்னார்கள்? அதுதான் எனக்குக் கோபம்.

அப்புறம் ஒரு நண்பர் சொல்லி, சென்னை புதுப்பேட்டையில் பூட்டு, சாவி வேலை மட்டும் பார்க்கும் ஒரு சின்னக் கடைக்குப் போனேன். போர்டு கிடையாது, உட்கார ஒரு ஸ்டூல், அவ்வளவுதான். கடைக்காரர் பாய் செய்த முதல் வேலை, என்னை உள்ளே உட்கார வைத்து லாக்கைக் கையால் போட்டு எடுக்கச் சொன்னது. கதவில் காதை வைத்துக் கேட்டார். "சிலிண்டர் நல்லா இருக்கு சார், ராடு கழண்டிருக்கும், பிரிச்சுக் காட்டறேன்."

கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு, அதை ஏற்றி இறக்கும் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு துணியை நுழைத்து இருபுறமும் இழுத்தார், லாட வடிவத்தில் ஒரு சின்னக் கம்பி கிளிப் தெறித்து வந்தது. டோர் பேடை, அதாவது கதவின் உள்பக்க மூடியை, கிளிப் உடையாமல் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார், உள்ளே ஒட்டியிருந்த பாலிதீன் ஷீட்டைக் கிழிக்காமல் பாதி உரித்தார். டார்ச் அடித்துக் காட்டினார்: சாவி சிலிண்டரின் பின்னால் உள்ள லீவரிலிருந்து லாக்குக்குப் போகும் ராடு தனியாகத் தொங்குகிறது. அதைப் பிடித்திருந்த சுண்டுவிரல் நகம் அளவு பிளாஸ்டிக் கிளிப் வெயிலில் காய்ந்து, மஞ்சளாகி, இரண்டாக உடைந்து கதவின் அடியில் கிடந்தது. இவ்வளவுதான் கோளாறு!

புது கிளிப் போட்டதோடு விடவில்லை. லாக்கையும் கழற்றினார், கிரீஸில் தூசி ஏறி களிம்பு மாதிரி இறுகியிருந்ததை மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் வைத்தார். சாவித் துவாரத்துக்கு மட்டும் எண்ணெய் வேண்டாம், தூசியைப் பிடிக்கும் என்று கிராஃபைட் தூள். லாக்கைத் திரும்ப மாட்டியதும் நான் கதவைச் சாத்தப் போனேன், தடுத்துவிட்டார். கதவு திறந்திருக்கும்போதே திருப்புளியால் லாக்கின் நாக்கைத் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டுவந்து, சாவியால் பத்து முறை போட்டு எடுத்து, வெளிக் கைப்பிடியை இழுத்து நாக்கு விடுகிறதா என்று பார்த்த பிறகுதான் சாத்தவிட்டார். ஒரு ராடு மாட்டாமல் சாத்திவிட்டால் திறக்கவே முடியாமல் போகும் என்றார். வீட்டில் நீங்களே பிரித்துப் பார்ப்பதாக இருந்தால் இந்த ஒன்றை மறந்துவிடாதீர்கள்.

கிளிப், கிரீஸ், கூலி எல்லாம் சேர்த்து 450 ரூபாய், ஒன்றேகால் மணி நேரம்.

குறையும் உண்டு. பில் தரமாட்டார். பணம் கையில்தான், ஃபோன் பே இல்லை. தெருவில் நிறுத்தித்தான் வேலை, நிழல் கிடையாது, அதனால் காலையில் போங்கள். டோர் பேடின் கீழ் மூலையில் ஒரு கிளிப் சரியாக உட்காராமல் மறுநாள் சத்தம் வந்தது, திரும்பப் போனபோது காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்.

2014-லேயே உற்பத்தி நின்றுபோன வண்டி இது. புதிதாக மாட்டுபவரைவிட, உள்ளே இருப்பதைப் பிரித்துப் பார்ப்பவர்தான் இதற்குத் தேவை, அந்த வகையில் இந்தக் கடைக்கு நான் தாராளமாக ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். நேற்று மார்க்கெட்டில் அப்பா தன் பக்கக் கதவு வழியாகவே இறங்கி, சாவி போட்டுத் திருப்பினார். டக் என்று விழுந்தது. மறுபடி ஒரு முறை திறந்து பூட்டிப் பார்த்துக்கொண்டார்.