லா போசாவில் ஐந்து மாதங்கள்: பாலைவன முகாம் குறித்து ஒரு மதிப்புரை

மினசோட்டாவில் முப்பது குளிர்காலங்கள் பனி அள்ளிய பிறகு, நானும் என் கணவரும் ஓய்வு பெற்ற முதல் ஆண்டிலேயே ஒரு முடிவுக்கு வந்தோம். முழங்கால்கள் அனுமதிக்கும்வரை குளிர்காலத்தை வேறிடத்தில் கழிப்பது என்பதே அது. டிரக்கின் பின்னே இழுத்துச் செல்லும், 24 அடி நீளமுள்ள பழைய வீட்டு டிரெய்லர் ஒன்றை வாங்கி, 2023 நவம்பர் முதல் வாரத்திலிருந்து 2024 மார்ச் இறுதிவரை, அரிசோனா மாநிலத்தின் மேற்கு எல்லையை ஒட்டிய குவார்ட்சைட் என்னும் சிற்றூருக்குத் தெற்கே, லா போசா நீண்டகால முகாம் பகுதியில் தங்கினோம். இப்படிப் போக எண்ணும் தம்பதியர் சிலர் கேட்ட கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் சொல்லும் நோக்கத்துடன் இதை எழுதுகிறேன்.

முதலில், அங்கே எதற்குக் கட்டணம் செலுத்துகிறோம் என்பது தெளிவாக வேண்டும். லா போசா தனியார் முகாம் பூங்கா அன்று. மத்திய அரசின் நில மேலாண்மைப் பணியகம், அதாவது எல்லோரும் பி.எல்.எம். என்று சொல்லும் துறை, 1983இல் தொடங்கிய ஏற்பாடு. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து பாலைவனத்துக்கு வந்து ஆங்காங்கே மாதக்கணக்கில் தங்கிய முதியவர்களுக்கு உரிய இடம் ஒதுக்கவும், மற்ற நிலத்தைக் காக்கவும் இந்தப் பகுதிகள் வரையறுக்கப்பட்டன. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாதங்களுக்கு நாங்கள் செலுத்திய தொகை 180 டாலர். பதினான்கு நாட்களுக்கு மட்டும் எனில் அப்போது 40 டாலர். கட்டணம் மாறக்கூடியது என்பதால் புறப்படும் முன் பி.எல்.எம்.இடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அந்தத் தொகைக்குக் கிடைப்பவை இவை: நெடுஞ்சாலை 95இன் இருபுறமும் 11,000 ஏக்கருக்கு மேல் பரந்த நிலத்தில் விரும்பிய இடத்தில் நிறுத்தும் உரிமை, குடிநீர்க் குழாய், கழிவுநீர் கொட்டும் நிலையம், குப்பைத் தொட்டிகள், சில இடங்களில் குழிக் கழிப்பறைகள். மின்சாரம் கிடையாது. எண்ணிட்ட மனைகள் கிடையாது. நிழல் தரும் கூரையும் கிடையாது. அதே அனுமதி ஒட்டியுடன் இம்பீரியல் டாம், மியூல் மவுண்டன் போன்ற பிற நீண்டகாலப் பகுதிகளுக்கும் இடம் மாறிக்கொள்ளலாம்.

குவார்ட்சைட்டைச் சுற்றி இலவசமாகத் தங்கும் நிலமும் ஏராளமாக உண்டு. அங்கே பதினான்கு நாட்கள்வரை கட்டணமின்றி இருக்கலாம். அதன் பிறகு குறைந்தது 25 மைல் தள்ளிப் போக வேண்டும், தண்ணீருக்கும் கழிவுக்கும் ஊருக்குள் போய்ப் பணம் கொடுக்க வேண்டும். ஊருக்குள் உள்ள தனியார் பூங்காக்களில் மின்சாரம், தண்ணீர், கழிவுக்குழாய் எல்லாம் டிரெய்லருக்கே வந்து சேரும். ஆனால் மாதத்துக்குப் பல நூறு டாலர் ஆகும், பக்கத்து வண்டியின் சன்னல் நம் சன்னலுக்கு நேர் எதிரே இருக்கும். வயதான இருவர் பதினான்கு நாளைக்கு ஒருமுறை வண்டியைக் கட்டிக்கொண்டு அலைவது சிரமம் என்பதால், இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட லா போசாதான் எங்களுக்குப் பொருந்தியது.

நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலைவனம் என்றதும் மணல்மேடுகளை எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாறுவார்கள். இங்கே தரை சிறு கற்களால் பாவியதுபோல் இறுகிக் கிடக்கிறது. இரும்பும் மாங்கனீசும் படிந்து கருமை ஏறிய அந்தக் கற்கள் மாலை வெயிலில் எண்ணெய் தடவியதுபோல் மின்னும். கிரியோசோட் புதர்களும், பாலோ வெர்டே மரங்களும், அங்கொன்றும் இங்கொன்றுமாக சகுவாரோ கள்ளிகளும் உண்டு. ஆண்டு முழுவதற்கும் சுமார் 100 மில்லிமீட்டர் மழைதான். ஆனால் அந்த மழை பெய்யும் நாளில் வறண்ட ஓடைப்படுகைகளில் திடீரென வெள்ளம் ஓடும். மரங்கள் நிறைந்து நிழலாக இருப்பது ஓடையோரம்தான் என்பதால் புதியவர்கள் அங்கேயே வண்டியை நிறுத்த ஆசைப்படுவார்கள். தயவுசெய்து மேட்டில் நிறுத்துங்கள். மழை ஓய்ந்ததும் கிரியோசோட் இலைகளிலிருந்து எழும் மணத்தை மேட்டிலிருந்தும் நுகரலாம்.

சனவரியில் பகல் வெப்பம் 20 பாகை செல்சியசை ஒட்டியும், இரவில் 5 அல்லது 6 பாகையாகவும் இருந்தது. சில இரவுகளில் அதற்கும் கீழே இறங்கியது. பாலை என்றால் வேனில் என்றே பலரும் நினைக்கிறோம், ஆனால் நம் இலக்கணத்தார் பாலைக்குப் பின்பனிக் காலத்தையும் உரியதாக வைத்திருக்கிறார்கள். பிப்ரவரி இரவொன்றில் இரண்டு கம்பளிகளுக்குள் படுத்திருந்தபோது அது எனக்கு நினைவுக்கு வந்தது.

அந்தக் குளிரும் மின்சாரமும் ஒன்றோடொன்று பிணைந்தவை. டிரெய்லரின் கணப்பு எரிவாயுவில் எரிந்தாலும், சூடான காற்றைத் தள்ளும் விசிறி பேட்டரியில்தான் ஓடுகிறது, ஓடும்போது ஏறத்தாழ 8 ஆம்பியர் இழுக்கிறது. எங்களுக்கு டிரெய்லர் விற்ற கடைக்காரர், வண்டியோடு வந்த ஒற்றை ஈய அமில பேட்டரியே போதும் என்று உறுதியாகச் சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் இரவு மூன்று மணிக்குக் கணப்பு நின்றுபோனது; என் கணவரின் கைவிரல்கள் விறைத்துப்போய், தீக்குச்சியைக்கூடப் பிடிக்க முடியவில்லை. விடியும்வரை அடுப்பில் வெந்நீர் வைத்துப் பாட்டில்களில் ஊற்றிக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டோம். முதியவர்களுக்கு வண்டி விற்பவர்கள் இந்த ஒரு விஷயத்தையாவது நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் ஆற்றாமை உண்டு.

அடுத்த வாரமே 100 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரி இரண்டும், 400 வாட் சூரியத் தகடுகளும் பொருத்தினோம். டிசம்பரில் உச்சிவேளையில்கூடச் சூரியன் தெற்கே தாழ்வாகவே நிற்கும் என்பதால், தகடுகளைக் கூரையில் படுக்கையாக விட்டால் நாளொன்றுக்கு 80 ஆம்பியர் மணியும், தெற்கு நோக்கிச் சாய்த்து நிறுத்தினால் 120 அளவும் எங்களுக்குக் கிடைத்தது. அந்த வேறுபாடுதான் இரவுக் கணப்பின் செலவு. தகடுகளைச் சாய்க்கும் சட்டத்தை விட்டுவிடாமல் வாங்குங்கள். விசிறி இல்லாத எரிவாயுக் கணப்பையும் பலர் பயன்படுத்துகிறார்கள், நாங்களும் பயன்படுத்தினோம். ஆனால் சன்னல் ஓரளவு திறந்திருக்க வேண்டும், கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று வாரம் ஒருமுறை சோதிக்க வேண்டும்.

தண்ணீர்தான் அங்கே அன்றாட வாழ்வின் அளவுகோல். எங்கள் தொட்டியில் 40 கேலன், அதாவது சுமார் 150 லிட்டர் பிடிக்கும். குடிநீரைத் தனியாக 7 கேலன் கேன்களில் வைத்துக்கொண்டு, தொட்டி நீரைப் பத்து நாட்களுக்கு நீட்டினோம். பாத்திரம் கழுவிய, குளித்த நீரை, அதாவது சாம்பல்நீரை, தரையில் கொட்டுவதற்குத் தடை உண்டு, அது சரியான தடையும்கூட. ஆகவே ஒவ்வொரு சொட்டும் கழிவுத் தொட்டிக்குள் போக வேண்டும், அது நிறைந்ததும் கொட்டும் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். தட்டில் ஒட்டிய குழம்பை முதலில் காகிதத்தால் துடைத்து, அரிசி களைந்த நீரால் ஒருமுறை அலசி, கடைசியில் மட்டும் ஒரு குவளை நல்ல நீர் ஊற்றிக் கழுவப் பழகினேன். பிரஷர் குக்கர் எரிவாயுவையும் நேரத்தையும் மிச்சப்படுத்தியது. அதில்லாமல் நம் சமையலோடு அங்கே போகாதீர்கள்.

அந்தக் குளிரில் இட்லி மாவு புளிக்குமா என்று ஒருவர் கேட்டிருந்தார். மிக்சியைத் தகடுகள் நன்றாக மின்சாரம் தரும் பதினொன்று முதல் இரண்டு மணிக்குள் ஓட்டிவிட வேண்டும். இரவுக் குளிரில் மாவு அசையவே அசையாது. அரைத்ததை இரவு முழுதும் வெளியே குளிரில் விட்டுவிட்டு, மறுநாள் காலை டிரக்கின் முன் இருக்கையில், தெற்கு நோக்கிய கண்ணாடிக்குப் பின்னே ஈரத்துணி போர்த்தி வைப்பேன். மாலை நான்கு மணிக்குள் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கியிருக்கும். வண்டிக்குள் புளித்த மாவின் மணம் நிறைந்திருக்கும்.

சுற்றுப்புறம் அமைதியானது. வண்டிகளுக்கிடையே குறைந்தது 15 அடி இருக்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் டிசம்பர்வரை அடுத்த வீட்டார் நூறு அடிக்கு அப்பால்தான் இருந்தார்கள். இரவு பத்து முதல் காலை ஆறுவரை ஓசை எழுப்பக் கூடாது. சனவரி இரண்டாம் பாதியில், ஊரில் டிரெய்லர் கண்காட்சியும் கல், கனிமச் சந்தைகளும் நடக்கும் நாட்களில், நிலைமை முற்றிலும் மாறும்: கழிவு நிலையத்தில் வரிசை நீளும், ஜெனரேட்டர் ஓசை பகல் முழுதும் கேட்கும், கைப்பேசி இணையம் தளர்ந்துபோகும். காணொளி அழைப்பில் பேரக்குழந்தைகளைப் பார்க்க நினைப்பவர்கள் அந்த இரண்டு வாரங்களில் விடியற்காலையில் அழையுங்கள். பேக் ரேட் என்னும் காட்டெலிகள் இயந்திரத்தின் கம்பிகளைக் கடித்துவிடும் என்பதால், அங்குள்ளோர் இரவில் டிரக்கின் முன்மூடியைத் திறந்தே வைத்து விளக்கு தொங்கவிடுவதைப் பார்ப்பீர்கள். நாங்களும் அப்படியே செய்தோம், சேதமில்லை.

கடைகள் குறைவு. அன்றாடப் பொருட்கள் ஊரிலேயே கிடைக்கும். பெரிய கடைக்குக் கொலராடோ ஆற்றைத் தாண்டி 20 மைல் தொலைவிலுள்ள பிளைத் நகருக்கோ, வடக்கே 35 மைல் தொலைவிலுள்ள பார்க்கருக்கோ போக வேண்டும். பிளைத் கலிபோர்னியாவில் இருப்பதால் குளிர்காலத்தில் அங்கே ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கும். மருத்துவரிடம் நேரம் குறித்திருந்தால் இதை மறக்க வேண்டாம். துவரம்பருப்பும் கறிவேப்பிலையும் வாங்க 125 மைல் கிழக்கே ஃபீனிக்சுக்குத்தான் போக வேண்டும். மாதம் ஒருமுறை போய் வந்தோம்.

மருத்துவம்தான் என் மதிப்பீட்டில் பெரிய தயக்கம். நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் மருத்துவமனை பார்க்கரில் இருக்கிறது. முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான அசல் மெடிக்கேர் எந்த மாநிலத்திலும் செல்லும். ஆனால் அதற்குப் பதிலாகத் தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிக்கேர் அட்வான்டேஜ் திட்டங்கள் பெரும்பாலும் சொந்தப் பகுதியின் மருத்துவர் வட்டத்துக்குள் அடங்கியவை, அவசர சிகிச்சை தவிர மற்றவற்றுக்கு வெளியே பணம் தர மறுக்கக்கூடும். அக்டோபரில் திட்டம் மாற்றும் காலம் தொடங்கும்போதே இதை யோசியுங்கள். இதய நோய்க்கு அடிக்கடி பரிசோதனை தேவைப்படுவோருக்கு இந்த இடத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பொழுதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஊர்க் கல்லறையில் ஹாஜி அலி என்பவரின் நினைவுக்கூம்பு இருக்கிறது. 1856இல் அமெரிக்க இராணுவம் ஒட்டகங்களைச் சோதித்துப் பார்த்தபோது அவற்றை நடத்த வந்தவர், 1902இல் இங்கேயே மறைந்தார். 1935இல் எழுப்பிய கற்கூம்பின் உச்சியில் ஒரு செப்பு ஒட்டகம் நிற்கிறது. தெற்கே 18 மைலில் கோஃபா வனவிலங்குக் காப்பகத்துக்குத் திரும்பினால், ஏழு மைல் மண்சாலைக்குப் பின், பாம் கேன்யன் பிளவுக்குள் காட்டுப் பனைகள் செங்குத்துப் பாறைகளுக்கிடையே நிற்பதைக் காணலாம். ஏறுமிடம் அரை மைல்தான், எனினும் கல் உருளும். கைத்தடி கொண்டு போங்கள். உச்சிவேளையில் மட்டுமே வெயில் புகும் அந்தப் பிளவில், பாறையோடு ஒட்டி நின்ற பனங்கூட்டத்தைப் பார்த்ததும் என் கணவர் இராமநாதபுரத்தை நினைத்து வெகுநேரம் பேசாமல் நின்றார்.

வரும் நவம்பரில் மீண்டும் போகிறோம், இம்முறை ஏப்ரல் 15வரை. கூடுதலாக எடுத்துப் போவது இரண்டு தண்ணீர்க் கேன்களும், மேட்டில் சமமாக நிறுத்த நான்கு மரக்கட்டைகளும்தான்.