லாங்வாலா, தூண் விட்டு வெட்டுவதா?

நிலத்தடியில் நிலக்கரி வெட்ட லாங்வால், போர்டு அண்ட் பில்லர் (தூண் முறை) என்று இரண்டு முறைகள். தெலங்கானாவின் சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கங்களில் இரண்டும் உண்டு. போர்டு அண்ட் பில்லர் முறையில் கரிக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாகப் பாதை வெட்டி, நடுவே கரித் தூண்களை விட்டுவைப்பார்கள். கூரையைத் தாங்குவது அவைதான். முதலீடு குறைவு. பாறையில் பிளவு வந்தால் பாதையைத் திருப்பிக்கொள்ளலாம். ஆனால் கரியில் பெரும்பங்கு தூணாகவே நின்றுவிடும். கடைசியில் அதையும் எடுக்கும் கட்டம்தான் மிக ஆபத்தானது.

லாங்வாலில் நூறு மீட்டருக்கும் மேல் நீளமான கரி முகப்பை ஷியரர் இயந்திரம் சீவிக்கொண்டே போகும். ஹைட்ராலிக் தாங்கிகள் தொழிலாளியின் தலைக்கு மேல் கூரையைப் பிடித்தபடி முன்னே நகரும். பின்னால் கூரையை விழ விட்டுவிடுவார்கள். சரி, அது விழாமல் தொங்கினால்? அப்புறம் மொத்தமாக இறங்கித் தாங்கிகளையே நசுக்கும். 1990-இல், இன்றைய சத்தீஸ்கரில் உள்ள சுர்ச்சா சுரங்கத்தில் அப்படித்தான் நடந்தது. அங்கே கரிக்கு மேலே கெட்டியான டோலரைட் பாறை இருந்தது.

கரிப்படுகை ஆழமாகவும் சீராகவும் இருந்தால் நான் லாங்வால் பக்கம்தான். ஆழத்தில் தூண்களைப் பெரிதாக விட வேண்டியிருப்பதால் கரி அதிகம் வீணாகும். பிளவுகள் நிறைந்த சிறிய படுகைக்குத் தூண் முறையே போதும். எதுவானாலும், மேற்பாறையைத் துளையிட்டுப் பார்க்கும் செலவில் கை வைக்கவே கூடாது.