எக்ஸெல்: பிப்ரவரியில் பெய்த ஐப்பசி மழை

கூடப் படித்தவள் நேற்று வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "மக்கா, தங்கச்சிக்கு காலேஜ்ல டேட்டா புராஜெக்ட் குடுத்திருக்காவ. எக்ஸெல் கிளாசுல சேத்து விடட்டா?" வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கிளாசில் கொடுப்பது துடைத்து வைத்த மார்க் ஷீட். அதில் கூட்டலும் சராசரியும் யாருக்கும் வரும். அழுக்கு டேட்டா கையில் வந்தால்தான் எக்ஸெலின் குணம் தெரியும்.

எங்களுக்கு அது காலேஜில் மழைக் கணக்கில் தெரிந்தது. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, பாலமோர், சுருளோடு, குழித்துறை, மயிலாடி, கொட்டாரம் என்று பேப்பரில் மில்லிமீட்டரில் வருமே, அதை ஒரு வருடத்துக்குச் சேர்த்து டைப் செய்தோம். நாலாயிரத்துச் சொச்சம் வரி. அன்று பிடித்தது, இன்றைக்கு ஆபீசிலும் இதோடுதான் குடித்தனம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிவட் டேபிள், அதாவது நீளமான பட்டியலைச் சுருக்கித் தொகுத்துக் காட்டும் வசதி. ஊரை இடப்பக்கம், மாதத்தை மேலே, மழை அளவை நடுவில் இழுத்துப் போட்டதும் மாவட்டமே கண்முன் வந்தது. ஆனி ஆடிச் சாரலுக்கு ஒரு மேடு, ஐப்பசி கார்த்திகைக்கு இன்னொரு மேடு. மலையோர ஊர்களில் இரண்டும் தெரிகிறது. கொட்டாரம், மயிலாடிப் பக்கம் முதல் மேடு சப்பென்று கிடக்கிறது. ரெண்டு பருவமழையும் கிடைக்கிற மாவட்டம் என்று பள்ளியில் படித்ததை நாமே கணக்கெடுத்துப் பார்ப்பது தனிச் சுகம்.

ஆனால் அந்தப் படத்தில் பிப்ரவரியிலும் பாலமோரில் கொட்டித் தீர்த்திருந்தது. குலசேகரத்துப் பிள்ளை ஒருத்தி எங்கள் குழுவில் இருந்தாள், வீட்டில் ரப்பர் தோட்டம். "பிப்ரவரில இலை உதிர்ந்து பால்வெட்டே நிக்கும், எங்கேருந்துடே இவ்வளவு மழை?" என்றாள். தோண்டினால், லேப் கம்ப்யூட்டரின் ரீஜன் அமெரிக்கா, அங்கே மாதம் முதலில், நாள் அப்புறம். 02/11 என்று அடித்த நவம்பர் 2, பிப்ரவரி 11 ஆகியிருக்கிறது. 13-ம் தேதியிலிருந்து மாதமாக்க முடியாததால் அதையெல்லாம் வெறும் எழுத்தாக இடப்பக்கம் ஒட்டி வைத்துவிட்டது. ஒரு எச்சரிக்கை கிடையாது, சிவப்புக் கோடு கிடையாது. டேட்டா மெனுவில் இருக்கும் டெக்ஸ்ட் டு காலம்ஸில் டிஎம்ஒய் (நாள், மாதம், வருடம் என்ற வரிசை) கொடுத்தால் எழுத்தாக நிற்பவை சரியாகும். ஏற்கெனவே புரண்டவை புரண்டவைதான். அதனால் நாள், மாதம், வருடத்தை மூன்று தனிப் பத்தியில் அடித்து, டேட் ஃபார்முலாவில் சேர்ப்பது என் வழக்கம்.

நான் மட்டும் புலம்பவில்லை. மார்ச்1 என்ற மரபணுவைக்கூடத் தேதியாக்கிய சாமான் இது. பொறுத்துப் பார்த்த விஞ்ஞானிகள் 2020-ல் மரபணுவின் பெயரையே மாற்றிக்கொண்டார்கள். இப்படித் தானாகத் தேதியாக்குவதை அணைக்க ஒரு வசதி எக்ஸெலில் வந்தது 2023-ல்!

மழை இல்லாத நாளை வெற்றிடமாக விட்டாலும் வம்பு. முப்பது நாளில் பத்து நாள் 20 மி.மீ. பெய்தால், மற்ற நாட்களில் 0 போட்டிருந்தால் சராசரி 6.67. காலியாக விட்டால் 20. ஆனால் இதில் எக்ஸெல் மேல் கோபமில்லை. மழை பெய்யாததும் மழைமானியைப் பார்க்காததும் வேறு வேறு என்று நாம்தான் சொல்லணும்.

ஒரு பட்டியலில் தேடி எடுத்துத் தரும் எக்ஸ்லுக்அப் ஃபார்முலா எக்ஸெல் 2016 பதிப்பில் கிடையாது. பழைய லேப்பில் அதை அடித்து நேம் எரர் வந்தால் பதற வேண்டாம். காசில்லை என்றால் லிப்ரே ஆபீஸ் கால்க் இலவசம், பிவட்டும் உண்டு.

பத்து வேலையில் ஒன்பதை எக்ஸெலைப்போல் வேகமாக முடித்துத் தருவது எனக்குத் தெரிந்து வேறில்லை. மதிப்பெண், ஐந்துக்கு இரண்டு. போன வாரம் கேட்டிருந்தால் நாலு போட்டிருப்பேன். இன்று காலை ஆபீசுக்கு வந்த சிஎஸ்வி ஃபைலை (கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) எக்ஸெலில் திறந்தேன், நவம்பர் 5 பில் மே மாதத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது.