புரோஜெஸ்டிரோன் கேப்ஸ்யூல்: நாலு மணிக்கு எழுந்து பால் கறக்கிறவள் சொல்வது

இந்த கேப்ஸ்யூலை வாங்கப் போனாலே மருந்துக் கடையில் ஒரு கேள்வி வரும். "சேச்சி, மோள்க்காணோ?" அக்கா, மகளுக்கா என்று. பாலக்காட்டுப் பக்கம் எங்கள் கொழிஞ்சாம்பாறையில் பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் மலையாளம் பேசுவோம், இந்தச் சந்தேகம் மட்டும் ரெண்டு மொழியிலும் வரும். கர்ப்பம் தங்குவதற்கு எழுதித் தருகிற மருந்து என்றுதான் இதை எல்லோருக்கும் தெரியும். எனக்குக் கிடைத்த பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளும் கர்ப்பம், குழந்தைப்பேறு என்றே போகிறது. 52 வயதில் வாங்குகிறவளுக்கு அதில் ஒரு வரி இல்லை.

எனக்கு எழுதியது மெனோபாஸுக்கு, அதாவது மாதவிடாய் நிற்கிற பருவத்துத் தொல்லைகளுக்கு. பங்குனி வெயிலில் பாலக்காட்டுப் பக்கம் எல்லோருக்கும்தான் வேர்க்கும். மார்கழிக் காற்றிலும் உடம்பு குப்பென்று சூடாகி ரவிக்கை நனைந்தால் அதற்கு வெயிலைச் சொல்ல முடியாது. டாக்டர் கையில் தடவ ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஜெல் கொடுத்தார். கூடவே இது: மாதத்தில் 12 நாள், இரவில் 200 மில்லிகிராம். கர்ப்பப்பை இருக்கிறவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்தால் அதன் உள்சுவர் தடித்துக்கொண்டே போகும், நாளடைவில் புற்றுநோய் வரைக்கும் போகலாம். அதைத் தடுக்கத்தான் புரோஜெஸ்டிரோன். கர்ப்பப்பையை எடுத்துவிட்ட என் நாத்தனாருக்கு ஜெல் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

சரி, மருந்து எப்படி? முதலில் தூக்கம். வாய்வழியாகப் போட்டால் கல்லீரலில் மாறி, மூளையை அமைதிப்படுத்துகிற ஒரு பொருளாகிறது. சில தூக்க மாத்திரைகள் வேலை செய்கிற இடத்திலேயே அதுவும் வேலை செய்கிறது. வருஷக்கணக்கில் நடுராத்திரி விழித்துக் கிடந்தவளுக்கு அது வரம்தான். ஆனால் சீட்டில் "இரவு 1" என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. சாப்பிட்ட கையோடு பத்தரைக்குப் போட்டுப் படுத்தால், நாலு மணிக்குத் தொழுவத்தில் தள்ளாடிக்கொண்டு நிற்பேன். மாடே என்னை ஒரு மாதிரி பார்த்தது. பால் கேனை ஸ்கூட்டியில் வைத்து சொசைட்டிக்கு ஓட்டுகிறவளுக்கு இது விளையாட்டில்லை.

அப்புறம் ஒரு நர்ஸ்தான் விளக்கினார். சாப்பாட்டோடு போட்டால் மருந்து ரத்தத்தில் மிக அதிகமாக ஏறும், சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் விட்டுப் போடுங்கள் என்றார். இப்போது சாயங்காலப் பால் கறந்ததும் ஆறரைக்குச் சாப்பாடு, எட்டரைக்கு கேப்ஸ்யூல், உடனே படுக்கை. காலையில் தலை தெளிவாக இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தைச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்திருக்கலாம். சளி மாத்திரை போடுகிற நாளில் மயக்கம் கூடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வயிறு உப்பும், மார்பு கனக்கும். அவை ரெண்டு மூன்று மாதத்தில் தணிந்துவிட்டன. தணியாதது மனசு. அந்த 12 நாளும் ஒரு காரணமும் இல்லாமல் அழுகை வரும். சொசைட்டியில் பாலின் கொழுப்பு அளவு குறைந்தால்கூடக் கண் கலங்கும். மருந்து நிற்கும், ரெண்டு மூன்று நாளில் தீட்டு வரும், மனசும் பழையபடி ஆகும். வீட்டில் இருக்கிறவர் "அதை நிறுத்தித் தொலையேன்" என்றார். ஜெல்லைத் தடவிக்கொண்டு இதை மட்டும் நிறுத்தவே கூடாது. வேண்டாமென்றால் டாக்டரிடம் மாற்று கேட்க வேண்டும். எனக்கு மூன்று வழி சொன்னார்: இதே வேலையைச் செய்கிற டைட்ரோஜெஸ்டிரோன் என்ற வேறு மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைக்கிற ஹார்மோன் சாதனம் (coil), இல்லையென்றால் இதே கேப்ஸ்யூலைப் பிறப்புறுப்பு வழியாக வைப்பது.

மூன்றாவதை எடுத்துக்கொண்டேன். அந்த வழியில் கல்லீரலைத் தாண்ட வேண்டாம் என்பதால் மயக்கம் இல்லை, அழுகையும் வெகுவாகக் குறைந்தது. காலையில் எண்ணெய்ப் பிசுக்கு கசியும், பேட் வேண்டும். அந்த நல்ல தூக்கமும் போய்விட்டது, அதில் எனக்கு வருத்தம்தான். எல்லோருக்கும் இந்த வழியை எழுத மாட்டார்கள், நீங்களாக மாற்றாதீர்கள். எதிர்பாராத நாளில் ரத்தம் பட்டால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

அஞ்சுக்கு மூன்றரை கொடுப்பேன். குறைத்ததில் அரை மார்க் பெட்டிக்குள் இருந்த அந்தத் தாளுக்காக. வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் உள்ளே என்ன எண்ணெய் என்று கேட்டு வாங்குங்கள், சில தயாரிப்புகளில் கடலை எண்ணெய் உண்டு. சித்திரை வெயிலில் ஜன்னலோரம் வைத்தால் கேப்ஸ்யூல் இளகி உறையோடு ஒட்டிக்கொள்கிறது. நான் பீரோவின் அடித்தட்டில் வைக்கிறேன்.