வேலி முருங்கையா, கொல்லைப் பண்ணைக்கீரையா: களிக்கு எது சிக்கனம்?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மானாவாரி நிலம் வைத்திருக்கும் வீடுகளில் களி கிண்டும் நாளில் தொட்டுக்கொள்ள என்ன என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இரண்டு விடைகளே உண்டு. ஒன்று வீட்டு வேலியோரத்து முருங்கை. மற்றொன்று ராகிக் கொல்லையில் களையோடு களையாக முளைத்துக் கிடக்கும் பண்ணைக்கீரை. இரண்டுக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை என்பதால் இரண்டும் ஒரே அளவுக்குச் சிக்கனமானவை என்று எண்ணிவிடுகிறோம். பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் இரண்டையும் ஆண்டுக்கணக்காகச் சமைத்துவருபவள் என்ற முறையில், பறிக்கும் நேரம், எரிக்கும் விறகு, கிடைக்கும் பருவம், கீரையை இனம் காணும் பழக்கம் ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கிறது என்றே சொல்வேன்.

முதலில் பண்ணைக்கீரை. ஆடிப்பட்டத்தில் ராகியை விதைத்து, ஊடே அவரையும் கடுகும் சால்விட்டு, மூன்று வாரம் கழித்து முதல் களை எடுக்கும்போது இது ஒரு சாண் உயரத்துக்கு வந்திருக்கும். களைக்கூலி கொடுத்துப் பிடுங்கி வரப்பில் எறிய வேண்டிய செடியே அன்றிரவு குழம்பாகிவிடுவதால், இதைவிட மலிவான கீரை வேறு இருக்க முடியாது என்று தோன்றும். எங்கள் அத்தை களைக்கொத்தோடு குனிந்து நகரும்போதே இடது கை மடியில் கீரையைச் சேர்த்துக்கொண்டே போவார். பண்ணையோடு தொய்யக்கீரையும் குமிட்டிக்கீரையும் இரண்டு கைப்பிடி சேர்ந்தால்தான் கடைசலுக்கு ருசி என்பது அவருடைய கணக்கு. வேரோடு பிடுங்காமல் தலைப்பை மட்டும் கிள்ளினால் பக்கக்கிளை விட்டு இன்னொரு முறை பறிக்கக் கிடைக்கும், ஆனால் அதற்குள் அது ராகியின் உரத்தையும் ஈரத்தையும் தின்றுவிடும் என்பதால் பயிருக்கு நடுவே இருப்பதைப் பிடுங்கிவிட்டு, வரப்போரம் இருப்பதைத்தான் கிள்ளிக்கொள்வார்.

இதன் குறை பருவத்தில் இருக்கிறது. நுனியில் வெளிர்சிவப்புப் பூங்கதிர் தலைகாட்டிய பிறகு தண்டு நாராகி இலை முரடாகிவிடும்; அதன்பின் மாட்டுக்குப் போடலாமே தவிர மனிதர் வாய்க்கு ஆகாது. ஆக, நல்ல இளங்கீரை மழையை ஒட்டிய சில வாரங்களுக்குத்தான். மாசி, பங்குனியில் பண்ணைக்கீரையைத் தேடிப் போகிறவர் வெயிலில் அலைந்ததுதான் மிச்சம்.

முருங்கை அப்படியன்று. கை பருமனுள்ள ஒரு போத்தை, அதாவது வெட்டிய கிளைத்துண்டை, நட்டுவைத்தால் வேர்பிடித்து, பிறகு நான்கு வீட்டுக்கு ஆண்டு முழுவதும் இலை கொடுக்கும். மரம் பலவீனமானது, ஆடிக்காற்றில் கிளை முறிந்து விழுவது வாடிக்கை. முறிந்த கிளையிலிருந்தே அடுத்த இரண்டு நாள் சமையல் நடந்துவிடுவதால் அதை நட்டமென்று சொல்வதற்கில்லை. உண்மையான தொல்லை மழைக்காலத்தில் அடிமரத்தில் அப்பிக்கொள்ளும் கம்பளிப்பூச்சி. புரட்டாசி, ஐப்பசியில் மரத்தடியில் நிற்கவே உடம்பு அரிக்கும். நான் இந்த இரண்டையும் எதிரெதிராக வைத்துப் பார்க்கத் தொடங்கியதே இதனால்தான்: முருங்கையை நெருங்க முடியாத அந்த மாதங்களில் பண்ணையும் அதன் கூட்டாளிக் கீரைகளும் கொல்லையில் கிடைக்கின்றன, கொல்லை காய்ந்துபோகும் மாதங்களில் முருங்கை துளிர்த்து நிற்கிறது.

அடுப்படிக் கணக்குக்கு வருவோம். முருங்கையை உருவி ஆய்வது பொறுமையைச் சோதிக்கும் வேலை என்று பலர் கடையில் சிறுகீரை வாங்கப் போய்விடுகிறார்கள். முதல் நாள் மாலையே கொத்தாக ஒடித்துப் பழைய வேட்டித் துணியில் இறுக்கிச் சுருட்டி வைத்துவிட்டால், மறுநாள் காலையில் உதறும்போது இலையில் பெரும்பகுதி தானாகவே கொட்டிவிடும். காம்பு மட்டும் கையில் நிற்கும். வேகவும் ஏழெட்டு நிமிடம் போதும். பண்ணைக்கீரையில் மண் அதிகம், மூன்று தண்ணீராவது அலச வேண்டும். மசிய வேக அதைப்போல் இருமடங்கு நேரம் ஆகும். அதற்குப் பிறகு மத்தால் கடைய வேண்டும். விறகு பொறுக்கி எரிக்கும் வீட்டுக்கு இது பொருட்டல்ல, சிலிண்டர் வைத்திருக்கும் வீட்டுக்குப் பொருட்டு.

ருசியில் மட்டும் நான் தயங்காமல் பண்ணைக்கீரையின் பக்கம். நாலு பச்சைமிளகாய், ஆறேழு பல் பூண்டு, சின்ன வெங்காயம், சுண்டைக்காயளவு புளி ஆகியவற்றோடு மண்சட்டியில் வேகவைத்து, ஒரு கைப்பிடி துவரம்பருப்பு இருந்தால் அதையும் சேர்த்துக் கடைந்து, கடுகும் சீரகமும் தாளித்துக் கொட்டினால், சூடான களி உருண்டையில் குழி பறித்து ஊற்றிக்கொள்ள அதற்கு ஈடில்லை. முருங்கைக்கு இந்தக் குழைவு வராது. கடைந்தாலும் திப்பி திப்பியாகத்தான் நிற்கும். அது பொரியலுக்கும், ராகி மாவில் வெங்காயத்தோடு பிசைந்து தட்டும் அடைக்கும் உரியது.

சத்தைப் பொறுத்தவரை முருங்கைக்குத்தான் பேர் அதிகம், அதில் நியாயமும் உண்டு. பச்சை இலை 100 கிராமில் புரதம் ஏறத்தாழ 6 கிராமும், கால்சியம் 300 மில்லிகிராமுக்கு மேலும், வைட்டமின் சி 100 மில்லிகிராமை ஒட்டியும் இருக்கின்றன. ஆனால் 100 கிராம் முருங்கையிலை என்பது ஒரு பெரிய குவியல். வதக்கிய பொரியலாக ஒருவர் தட்டில் விழுவது அதில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். அதோடு, வேகும்போது வைட்டமின் சியில் பெரும்பகுதி போய்விடும் என்பதால், இறக்கியபின் அரை மூடி எலுமிச்சை பிழிவது வீணல்ல. கீரையிலும் ராகியிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க அது உதவும். இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: களியில் கால்சியத்தைப் பெரிதாகக் கொண்டுவருவது கீரையைவிட ராகிதான். 100 கிராம் ராகியில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது, அரிசியில் அதில் சிறு பங்கு கூட இல்லை.

பண்ணை, தண்டுக்கீரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்துக் கீரைகளில் ஆக்சலேட் கூடுதலாக இருக்கும். அது கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், சிறுநீரகக் கல் இருப்பவர்களுக்கு ஆகாது. நீரில் கரையும் ஆக்சலேட், கீரையை வேகவைத்த தண்ணீரில் இறங்கிவிடும். கல் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் அந்த நீரை வடித்துக் கொட்டிவிடுவதுதான் சரி; மற்றவர்களுக்கு அதையே ரசமாக்கிக்கொள்ளலாம். முருங்கையில் இந்தச் சிக்கல் குறைவு. அதற்கு வேறொரு எச்சரிக்கை உண்டு: இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் முருங்கைக்கீரையின் அளவைத் திடீரென்று கூட்டக்கூடாது, ஏனென்றால் அதிலுள்ள வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும்.

கொல்லைக்கீரையின் மதிப்பை இப்போது குலைப்பது களைக்கொல்லி. எங்கள் பாட்டி காலத்தில் எந்தக் கொல்லையிலும் கேட்காமல் இறங்கிக் கிள்ளலாம். இன்று மக்காச்சோளமும் மரவள்ளியும் உள்ள நிலங்களில் எப்போது என்ன தெளித்தார்கள் என்று நிலத்துக்காரரைக் கேட்காமல் கைவைக்க முடியாது. ஒருமுறை பக்கத்து நிலத்து வரப்பில் செழித்திருந்த பண்ணையை மடி நிறையப் பறித்துவந்த பிறகுதான், முந்தைய நாள் காலையில் அங்கே மருந்தடித்தது தெரியவந்தது. அத்தனையையும் குப்பைக்குழியில் கொட்டினேன். ஆட்டுக்குக்கூடப் போட மனம் வரவில்லை. இரு மாவட்டங்களையும் ஊடறுத்துச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44-இன் ஓரத்தில் முளைப்பதையும் நான் பறிப்பதில்லை. சொந்தக் கொல்லை இல்லாதவருக்கு இந்த ஒரே காரணத்தால் முருங்கை முந்திவிடுகிறது.

வீட்டில் வளர்ப்பதா, தானாக முளைப்பதைத் தேடுவதா என்ற இதே போட்டி கைமருந்திலும் நடக்கிறது. சளிக்குத் தூதுவளையா, கற்பூரவள்ளியா என்றால், ரசத்துக்குத் தூதுவளையை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் அது வேலிப்புதரில் வளைந்த முள்ளோடு ஏறிக் கிடக்கும், ஒவ்வோர் இலையிலும் முள்ளைக் கிள்ளி எடுக்க வேண்டும், கோடையில் காய்ந்துபோகும். கற்பூரவள்ளியோ உடைந்த குடத்தில் ஒரு துண்டுத் தண்டைச் செருகினாலே பிடித்துக்கொள்ளும். இலையைக் கசக்கினால் வரும் ஓமவாசம் அதிலுள்ள கார்வக்ரால், தைமால் என்னும் எண்ணெய்ப் பொருள்களால் வருவது. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். இரண்டும் தொண்டைக்கு இதமளிப்பவை, அவ்வளவுதான். மூச்சுவிடும்போது பிள்ளைக்கு விலா உள்ளே இழுத்தால் எந்த இலையையும் தேடிக்கொண்டிராமல் அப்போதே மருத்துவமனைக்குத் தூக்கிச்செல்ல வேண்டும்.

மூட்டுவலிக்கென்று சொல்லப்படும் பிரண்டை, முடக்கத்தான் இரண்டில், தோசைமாவில் அரைத்துக் கலக்கும் முடக்கத்தான் எளிது. பிரண்டையைக் கையில் நல்லெண்ணெய் தடவாமல் ஒருநாள் நறுக்கிவிட்டு மாலைவரை சொறிந்துகொண்டிருந்தேன். நன்றாக வதக்கிப் புளி சேர்க்காவிட்டால் தொண்டைக்கும் அதே கதிதான்.

ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் முருங்கை. கொல்லை சொந்தமாக இருந்தால் ஆடி முதல் ஐப்பசிவரை பண்ணைக்கீரை, மற்ற மாதங்களுக்கு முருங்கை. காய்க்காகப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 போன்ற விதைமுருங்கை நல்லது. கீரைக்கு ஊர் மரத்துப் போத்தே போதும். நான்கடி நீளத்தில் வெட்டி, மேல்முனையில் சாணியை உருண்டையாக அப்பி, தண்ணீர் தேங்காத இடமாகப் பார்த்து, அடிமுனையை ஒன்றரையடி ஆழத்தில் இறக்கி மண்ணை இறுக்கிவிட வேண்டும். வீட்டுக் கூரையிலிருந்து பத்தடியாவது தள்ளி நடுங்கள். கிளை முறிந்து விழும்போது ஓடு தப்பும், கம்பளிப்பூச்சியும் சுவரேறி உள்ளே வராது.