மைக்ரோகிளியாவின் சாவும் அல்சைமர் நோயும்: ஓர் இணையப் பாடத்தொகுப்பு பற்றி

அல்சைமர் நோயைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பெரும்பாலானவை மூளைச் செல்களுக்கு வெளியே சேரும் அமிலாய்டு புரதப் படிவு, நரம்புச் செல்களுக்குள் உருவாகும் டௌ புரத முடிச்சு, நினைவிழப்பு ஆகிய மூன்றையும் விளக்கிவிட்டு நின்றுவிடுகின்றன. அண்மையில் நான் கட்டணம் செலுத்திப் பார்த்து முடித்த காணொளித் தொகுப்பு அப்படிப்பட்டதன்று. மூளையின் நோயெதிர்ப்புச் செல்களான மைக்ரோகிளியாக்கள் எவ்வாறு இறக்கின்றன, அந்த இறப்பு நோயைத் தணிக்கிறதா வளர்க்கிறதா என்ற ஒரே கேள்வியை அது முதலிலிருந்து கடைசிவரை பிடித்துக்கொண்டு செல்கிறது. பள்ளி மேல்நிலை அளவில் உயிரியல் படித்தவர்கள் இதைத் தாராளமாக வாங்கலாம். ஆனால் சிகிச்சையைப் பற்றிய இறுதிப் பகுதியை நம்பி யாரும் வாங்க வேண்டாம்.

வரலாற்றுப் பாடம் சுருக்கமானது. 1906இல் அலாய்ஸ் அல்சைமர் தம் நோயாளியின் மூளையில் கண்டவற்றை அறிவித்ததையும், 1919இல் ரியோ ஒர்டேகா மைக்ரோகிளியாவைத் தனிவகைச் செல்லாக அடையாளம் கண்டதையும் சொல்லிவிட்டு நகர்கிறது. அடுத்ததாக வரும் செல்லின் ஆயுள் பற்றிய பாடம் எனக்கு மிகவும் பிடித்தது. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14 உடலுக்குள் பதிந்திருப்பதை அளந்து, மனித மைக்ரோகிளியாவின் சராசரி வயது 4 ஆண்டுகளுக்குச் சற்று மேல் என்றும், ஆண்டுதோறும் ஏறத்தாழ 28 விழுக்காடு புதுப்பிக்கப்படுகிறது என்றும் கணக்கிட்ட 2017ஆம் ஆண்டு ஆய்வை ஆசிரியர் நிதானமாக எடுத்துரைக்கிறார். சில வாரங்களில் மாறிவிடும் செல்லாக இருந்தால் அதன் இறப்பைப் பற்றி இவ்வளவு பேசத் தேவையில்லை என்பது அப்போதுதான் உறைக்கிறது.

தொகுப்பின் உயிர்ப்பகுதி நடுவில்தான் இருக்கிறது. உயிருள்ள எலியின் மூளையை இரட்டை ஃபோட்டான் நுண்ணோக்கி வழியாகப் பார்த்த ஆய்வு ஒன்றை அசைபடமாக்கிக் காட்டுகிறார்கள். கிளைகளை நீட்டியபடி ஒரு மைக்ரோகிளியா அமிலாய்டு படிவை நெருங்குகிறது, அமிலாய்டை விழுங்குகிறது, கிளைகள் சுருங்கி, உடல் உருண்டு, வெடித்துப் போகிறது. அது விழுங்கியவை வெளியே கொட்டப்பட, பக்கத்தில் இருந்த படிவு முன்பைவிடப் பருக்கிறது. துப்புரவு செய்ய வந்த செல்லே குப்பையைக் கூட்டிவிட்டுப் போவதை இவ்வளவு தெளிவாக வேறெங்கும் நான் கண்டதில்லை.

இதையடுத்து இறப்பின் வகைகள் வருகின்றன. அப்போப்டோசிஸ் அமைதியானது, செல் தன்னைத்தானே பொட்டலம் கட்டிக்கொண்டு அண்டைச் செல்லுக்கு இரையாகிறது. பைராப்டோசிஸ் அதற்கு நேரெதிர். என்எல்ஆர்பி3 என்ற புரதத்தொகுதி தூண்டப்பட்டதும் கேஸ்பேஸ்-1 என்ற, புரதங்களை வெட்டும் நொதி விழித்துக்கொள்கிறது. அது வெட்டிவிட்ட கேஸ்டெர்மின்-டி என்ற புரதம் செல் சவ்வில் துளைகள் இடுகிறது. அழற்சிப் பொருள்கள் வெளியே பாய்கின்றன. அப்போது வெளிவரும் ஏஎஸ்சி புரதத் துகள்கள் அமிலாய்டுடன் ஒட்டிக்கொண்டு புதிய திரள்களுக்கு வித்தாகின்றன என்று காட்டிய, 2017இல் வெளியான ஆய்வை இங்கே பொருத்தியிருப்பது சிறப்பு. முன்னர் பார்த்த அசைபடத்துக்கு வேதியியல் விளக்கம் கிடைத்துவிடுகிறது. ஆனால் இரும்பும் கொழுப்பு ஆக்சிஜனேற்றமும் சேர்ந்து செல்லைக் கொல்லும் ஃபெரப்டோசிஸுக்கு ஒதுக்கிய நேரம் போதாது. அல்சைமர் மூளைகளில் படிவுகளைச் சுற்றி இரும்பு நிறைந்த மைக்ரோகிளியாக்கள் காணப்படுவதால், அதற்குத் தனிப்பாடமே கொடுத்திருக்கலாம்.

மைக்ரோகிளியாவின் மேற்பரப்பில் உள்ள உணர்வி ஒன்றை உருவாக்கும் ட்ரெம்-2 மரபணுவைப் பற்றிய பாடத்தில் இழந்த மதிப்பெண்ணை மீட்டுவிடுகிறார்கள். அதில் ஏற்படும் ஆர்47எச் என்ற மாற்றம் அல்சைமர் அபாயத்தைச் சுமார் 2 முதல் 4 மடங்கு உயர்த்துகிறது. அம்மரபணு இல்லாத எலிகளில் மைக்ரோகிளியாக்கள் படிவைச் சூழ்ந்து நிற்க முடியாமல் மடிகின்றன. எனவே இந்தச் செல்களின் இறப்பைத் தடுப்பது நல்லதுதானே என்று நாம் எண்ணும் தறுவாயில், 2019ஆம் ஆண்டின் ஆய்வொன்றை எதிரே நிறுத்துகிறார் ஆசிரியர்: மருந்து கொடுத்து மைக்ரோகிளியாவை ஏறக்குறைய முற்றிலும் நீக்கிய எலிகளில் மூளைத் திசுவுக்குள் படிவுகள் உருவாவது வெகுவாகக் குறைந்தது, ஆனால் அமிலாய்டு இரத்த நாளங்களில் சேர்ந்தது. இரண்டையும் சமரசம் செய்ய முயலாமல் அப்படியே விட்டிருப்பது நேர்மையான செயல்.

பயிற்சி வினாக்கள் பெரும்பாலும் பெயர்களை ஒப்பிக்கச் சொல்பவை. ஒரு வினா மட்டும் நுண்ணோக்கிப் படத்தைக் காட்டி, கேஸ்பேஸ்-3 ஒளிர்கிறது, இது எவ்வகை இறப்பு என்று கேட்கிறது. கேள்வி அருமை, ஆனால் கேஸ்பேஸ்-3 அப்போப்டோசிஸை நடத்தும் நொதி என்பதால் அப்போப்டோசிஸ் என்ற விடையை மட்டுமே ஏற்கிறது. மைக்ரோகிளியா சாகாமலே, வெறும் தூண்டப்பட்ட நிலையிலும் கேஸ்பேஸ்-3 செயல்படலாம் என்பது 2011இலேயே காட்டப்பட்டதாகையால், அந்த ஒரு சாயத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. தானியங்கி வசனவரிகள் பைராப்டோசிஸைச் சில இடங்களில் அப்போப்டோசிஸ் என்று எழுதுகின்றன. சொல்லப்படும் கருத்தே தலைகீழாகிவிடுவதால், ஒலியை மட்டும் நம்புவது நல்லது.

சிகிச்சைப் பகுதிதான் ஏமாற்றம். ட்ரெம்-2ஐத் தூண்டும் மருந்துகளே நாளைய நம்பிக்கை என்கிறது பதிவு. அவ்வகையைச் சேர்ந்த ஏஎல்002 என்ற எதிர்ப்பொருள், 2024இல் முடிவு வெளியான இரண்டாம் கட்டச் சோதனையில் நோயின் வேகத்தைக் குறைக்கவில்லை, பாடம் திருத்தப்படவில்லை. அமிலாய்டை அகற்றும் லெகனெமாப் என்ற மருந்து 18 மாதங்களில் நோயாளிகளின் நினைவாற்றல், அன்றாடத் திறன் வீழ்ச்சியை 27 விழுக்காடு மெதுவாக்கியது என்பதைச் சொன்னவர்கள், அச்சோதனையில் மருந்து பெற்றோரில் 12.6 விழுக்காட்டினருக்கு ஸ்கேனில் மூளை வீக்கம் தெரிந்ததைச் சொல்லவில்லை. எலிகளில் கண்டவை மனிதருக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்ற எச்சரிக்கையும் ஒற்றை வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது. அந்த எலிகளில் பல சுமப்பது, மனித நோயாளிகளில் 1 விழுக்காட்டுக்கும் குறைவானோரிடம் காணப்படும் பரம்பரை மரபணு மாற்றங்களையே.

மாணவர்களும் அறிவியல் எழுதுவோரும் நடுப்பகுதிக்காகவே இதை வாங்கலாம். அறிமுகப் பக்கத்தில் நோயாளியின் குடும்பத்தினருக்கும் உகந்தது என்று எழுதியிருப்பதை நீக்குவது நல்லது. பராமரிப்புக்குப் பயன்படும் செய்தி ஒன்றுகூட இதில் இல்லை.